ஏலச் சொத்தும் வில்லங்கத் தேடலும்: சென்னை மாகாணம் முதல் தமிழ்நாடு வரை (1802–2023)

ஆய்வுச்சுருக்கம்

கடனுக்காக ஏலத்திற்கு வரும் நிலத்தையோ வீட்டையோ வாங்குபவர், அதன்மீது வேறு என்னென்ன கடன்கள் எஞ்சியுள்ளன என்பதை எவ்வாறு அறிந்துகொண்டார் என்ற வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. சென்னை மாகாணத்தில் வருவாய்த்துறை ஏலம், நீதிமன்ற ஏலம் என இருவகை ஏலங்கள் ஒரே காலத்தில் நடைமுறையில் இருந்தன. முன்னது எல்லா வில்லங்கங்களையும் அழித்தது; பின்னது அவற்றை அப்படியே வாங்குபவர் தலையில் சுமத்தியது. இவ்விரண்டிற்கும் இடையே தோன்றிய பத்திரப்பதிவு முறை, எழுதப்பட்ட ஆவணங்களைக் காட்டியதேயன்றி, நிலத்தின்மீதுள்ள கடன்களைக் காட்டவில்லை. இந்த இடைவெளி ஏல விலையைக் குறைத்தது என்பதும், அதன் இழப்பு இறுதியில் கடனாளியையே சேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: வில்லங்கச் சான்று, ஜப்தி, நீதிமன்ற ஏலம், வருவாய் மீட்புச் சட்டம் 1864, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, உரிமை ஆவண ஒப்படைப்பு அடமானம், சர்ஃபேசி சட்டம்.

முன்னுரை

தமிழ்நாட்டில் நிலம் வாங்குவோர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறும் அந்தத் தாளில் பதிவுகள் இருப்பின் அது படிவம் 15. ஏதும் இல்லையெனில் படிவம் 16. படிவம் 16 கிடைத்தால் சொத்து ‘சுத்தம்’ என்று கருதுவது மக்கள் வழக்கு. இவ்வழக்கு தனியார் விற்பனையில் ஓரளவு பொருந்தும். ஏலத்தில் அது பலமுறை பொய்த்துள்ளது. அதற்கான காரணத்தை அலுவலர்களின் கவனக்குறைவில் மட்டும் தேடுவது போதாது. அந்தச் சான்று எதற்காக உருவாக்கப்பட்டது, எதைக் காட்ட உருவாக்கப்படவில்லை என்பதில் அது அடங்கியுள்ளது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவை. ஆங்கிலச் சட்ட மரபில் அடமானம் வைத்தவர் தம் மீட்புரிமையை முற்றாக இழந்து, சொத்து கடன் கொடுத்தவருக்கே உரிமையாவது ஒரு வழி. நீதிமன்றம் வழியாகச் சொத்தை விற்றுக் கடனைத் தீர்ப்பது மற்றொரு வழி. தமிழகத்தில் முதல்வகைக்கு நெருங்கி நின்றது அவதிக் கிரயம். குறித்த காலத்திற்குள் பணம் திரும்பாவிடில் அடமானமே கிரயமாகிவிடும் என்னும் ஏற்பாடு அது. சென்னையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் 1870-இல் அத்தகைய ஒப்பந்தத்தை அதன் சொற்படியே செயற்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திற்குப் பிறகு இம்மாகாணத்தில் பெருவழக்காக நிலைத்தது ஏல விற்பனையே. ஆகவே இக்கட்டுரை ஏலத்தையே மையமாகக் கொள்கிறது.

அரசின் நிலுவையும் நிலமும்

வரி செலுத்தாதவர் நிலத்தை விற்று வரியை ஈடுசெய்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டு, இரண்டு முழு ஆண்டுகள் இறை நிலுவை வைத்தோரின் நிலங்களை ஊராரே விற்றுக்கொள்ள அரசன் அளித்த ஆணையைக் குறிப்பிடுகிறது. இதிலிருந்து கம்பெனி ஆட்சியின் வருவாய் ஏலத்திற்கு ஒரு தொடர்ச்சியைக் கோடிட்டுக் காட்டுவது மிகைக்கூற்றாகும். இரண்டிற்கும் இடையே பல அரசுகளும் பல நிலவுரிமை முறைகளும் வந்து போயின. ஒன்றை மட்டும் சொல்லலாம்: நிலத்தின்மீது ஆள்வோருக்குள்ள உரிமை பிறர் உரிமைக்கு முந்தியது என்னும் எண்ணம், 19-ஆம் நூற்றாண்டில் சட்டமாக எழுதப்பட்டபோது மக்களுக்கு அயலாகத் தோன்றியிராது.

அந்தச் சட்டம் 1864-ஆம் ஆண்டின் சென்னை வருவாய் மீட்புச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவு, நிலமும் அதன்மீதுள்ள கட்டடங்களும் விளைவும் பொது வருவாய்க்கு ஈடு என அறிவித்தது. 42-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. நிலவரி நிலுவைக்காக விற்கப்படும் நிலங்கள் எல்லா வில்லங்கங்களினின்றும் நீங்கியனவாக விற்கப்படும். நிலுவை, வட்டி, செலவு ஆகியன போக மீதி இருப்பின் அது நிலுவைதாரருக்குச் சேரும். இதன் பொருள் எளிது. ஆயிரம் ரூபாய்க்கு அடமானத்தில் உள்ள நிலத்திற்குச் சில ரூபாய் கிஸ்தி நிலுவை நின்றாலும், அந்த நிலுவைக்காக நடக்கும் ஏலத்தில் அடமானம் மறைந்துபோகும்.

ஏலம் எடுப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான சொத்து இருக்க முடியாது. அவர் எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியதில்லை. கர்ணத்திடம் கேட்க வேண்டியதும் ஏதுமில்லை. ஆனால் அடமானம் பெற்றவர் நிலை நேர்மாறானது. நிலம் ரயத்தின் கையில் இருக்கும் வரை கிஸ்தி கட்டும் கடமை ரயத்துடையது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவும் அதை அடமானம் வைத்தவரின் உள்ளார்ந்த உடன்பாடாகவே கொள்கிறது. அவர் கட்டாமல் விட்டு, ஏலத்தில் வேறொருவர் பெயரில் தாமே நிலத்தை மீண்டும் எடுத்துக்கொண்டால், கடன் பத்திரம் வெறும் தாளாகும். இத்தகைய பினாமி ஏலம் சட்டத்தால் எளிதில் கண்டுபிடிக்கப்படுவதன்று. அடமானதாரர் செய்யக்கூடியது ஒன்றே: நிலுவையைத் தாமே கட்டிவிடுதல். அவ்வாறு கட்டிய தொகை நிலத்தின்மீதே ஒரு பொறுப்பாகும் என 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கூறியது. இங்குத்தான் பின்வரும் சிக்கலின் முதல் முடிச்சு விழுகிறது. இந்தப் பொறுப்பு எந்தப் பத்திரத்தாலும் உருவாகவில்லை. தாலுகா கச்சேரியின் ரசீதே அதற்குச் சான்று. பத்திரங்களின் பதிவேட்டில் அதைத் தேடினால் கிடைக்காது.

வருவாய் ஏலத்தின் இந்த வலிமை நிலவரிக்கு மட்டும் உரியது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1880-களிலேயே வரையறுத்தது. கள், சாராயக் குத்தகை நிலுவை போன்றவற்றை ‘நிலவரி நிலுவையைப் போல’ வசூலிக்கச் சட்டம் இடமளித்திருந்தது. அந்நிலுவைகள் நிலத்தின்மீது எழுந்தவை அல்ல. ஆகவே அவற்றிற்காக நடக்கும் ஏலத்தில் நிலுவைதாரருக்கு இருந்த உரிமை மட்டுமே கைமாறும், முந்தைய அடமானங்கள் நிலைக்கும் என்பது நீதிமன்றத்தின் விளக்கம். ஒரே தாசில்தார், ஒரே தமுக்கு, ஒரே வகை ஏல அறிவிப்பு. ஆயினும் நிலுவை எதற்கானது என்பதைப் பொறுத்து வாங்குபவர் பெறுவது வேறுபட்டது. எழுத்தறியாத ரயத்து இந்த ‘போல’ என்னும் சொல்லின் எடையை ஏல மேடையில் உணர்ந்திருக்க வழியில்லை.

பத்திரப்பதிவும் தேடலும்

கம்பெனி ஆட்சியில் 1802-ஆம் ஆண்டின் 17-ஆம் ஒழுங்குமுறை விதி சென்னை மாகாணத்தில் ஆவணப் பதிவுக்கு வழிவகுத்தது. அக்காலத்தில் பதிவு கட்டாயமன்று. 1864-ஆம் ஆண்டின் 16-ஆம் சட்டமே குறிப்பிட்ட ஆவணங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைக் கடந்து, இன்றும் நடைமுறையிலுள்ள 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உருப்பெற்றது.

இச்சட்டத்தின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கினால், வில்லங்கச் சான்றின் எல்லை தெளிவாகும். அசையாச் சொத்து பற்றிய ஆவணங்கள் முதலாம் புத்தகத்தில் படியெடுக்கப்படுகின்றன. அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்பெயர் வழியது. இரண்டாம் அட்டவணை ஊர், சொத்து விவரம் வழியது. 57-ஆம் பிரிவின்படி கட்டணம் செலுத்தி எவரும் இவற்றைப் பார்வையிடலாம். வில்லங்கச் சான்று முதன்மையாக இரண்டாம் அட்டவணையைத் தேடி எழுதப்படும் சுருக்கம். எனவே அதில் வருவது, பதிவு செய்யப்பட்ட ஆவணம் மட்டுமே.

இந்த ‘மட்டுமே’ இரு திசைகளிலும் பிழையை விளைவித்தது. ஒரு திசையில், தீர்ந்துபோன கடன் பதிவேட்டில் உயிரோடு நின்றது. அடமானப் பத்திரத்தின் பின்புறம் எழுதப்படும் செல்லெழுத்துக்குப் பதிவு தேவையில்லை எனச் சட்டம் விலக்களித்திருந்தது. பணம் முழுவதும் கட்டப்பட்டு, பத்திரம் திரும்பப் பெறப்பட்டு, வீட்டுப் பெட்டியில் உறங்கினாலும், பதிவேட்டில் அடமானம் அடமானமாகவே இருக்கும். மறு திசையில், உண்மையில் உள்ள கடன் பதிவேட்டிற்கு வராமலே போனது. நூறு ரூபாய்க்குக் குறைந்த ஒற்றியை, நிலத்தை ஒப்படைப்பதன் மூலமே செய்துகொள்ளலாம், பத்திரம் வேண்டியதில்லை. சிறு ரயத்தின் நிலம் பெரும்பாலும் இத்தகைய சிறு தொகைகளுக்கே கைமாறியது என்பதை நினைவிற்கொண்டால், பதிவேட்டில் இல்லாத வில்லங்கம் எளியோர் நிலத்தில்தான் மிகுதியாக இருந்திருக்கும் என ஊகிக்கலாம். அத்தகைய நிலத்தில் தேடலின் சரியான இடம் வயலே. உழுபவர் யார், எந்த உரிமையில் உழுகிறார் என்று கேட்டறிந்தவரே தப்பினார்.

ஃபிரெடரிக் நிக்கல்சன் தம் 1895-ஆம் ஆண்டு அறிக்கையில் மாகாணத்தின் ஊர்ப்புறக் கடனை 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டபோது, பதிவுத்துறையின் புள்ளிவிவரங்களையே பெரிதும் சார்ந்தார். கடன் வரலாற்றாய்வாளர்கள் இம்மதிப்பீட்டையும், 1930-இல் வங்கியியல் விசாரணைக்குழு தந்த 150 கோடி என்னும் மதிப்பீட்டையும் அருகருகே வைத்துக் கடன் பெருகியதைக் காட்டுவது வழக்கம். மேற்கண்ட இருதிசைப் பிழையைக் கருத்தில் கொண்டால், அந்த ஒப்பீட்டை இன்னும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டியுள்ளது.

தேடுவதிலும் நடைமுறை இடர்கள் இருந்தன. பழைய ஆவணங்கள் நிலத்தை நான்கெல்லையாலும் வயற்பெயராலும் குறித்தன, சில பகுதிகளில் பைமாஷ் எண் வழங்கியது, அளவைக்குப் பின் சர்வே எண் வந்தது, உட்பிரிவுகள் பெருகின. எண் மாறிய நிலத்தின் முன்வரலாற்றைத் தேட, பழைய எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். ஆவணத்தில் வேறொரு துணைமாவட்டத்தைச் சேர்ந்த சிறு துண்டு நிலத்தைச் சேர்த்து, அங்கே பதிவு செய்யும் உத்தியும் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. அவ்வாறு பொய்யாகச் சேர்த்த சொத்தைக் கொண்டு செய்த பதிவு செல்லாது எனப் பிரிவி கவுன்சில் 1914-இல் ஒரு வங்காள வழக்கில் தீர்ப்பளித்தது.

பதிவேட்டைத் தேடாதவரின் நிலை என்ன என்பதிலும் நெடுங்காலம் ஒருமித்த கருத்து இல்லை. பதிவே உலகிற்கு அறிவிப்பு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு கொள்ளவில்லை. பதிவு எல்லா நிலைகளிலும் தானாகவே அறிவிப்பாகிவிடாது என்று பிரிவி கவுன்சில் 1920-இல் கூறியது. 1929-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே இதை முடிவுக்குக் கொண்டுவந்தது: பதிவு கட்டாயமான ஆவணம் பதிவான நாள் முதல், சொத்தை வாங்குபவர் அதை அறிந்தவராகவே கருதப்படுவார். அதுவரை விவேகத்தின் பாற்பட்டிருந்த தேடல் அதன்பின் சட்டத்தின் எதிர்பார்ப்பாயிற்று. அதே 1929-இல் சென்னை மத்திய நில அடமான வங்கி தோன்றியது தற்செயலே. எனினும் நீண்டகாலக் கடன் கொடுக்க முன்வந்த அந்நிறுவனத்திற்கும் அதன் கீழிருந்த முதனிலை வங்கிகளுக்கும், உரிமையையும் வில்லங்கத்தையும் ஆராய்வது அன்றாடப் பணியாயிற்று.

நீதிமன்ற ஏலம்

தனியார் விற்பனையில் விற்பவருக்குச் சில கடமைகள் உண்டு. சொத்திலுள்ள குறைகளை வெளிப்படுத்த வேண்டும். கிரய நாள் வரையிலான பொதுவரிகளைத் தீர்க்க வேண்டும். வில்லங்கத்திற்கு உட்பட்டு விற்பதாக உடன்படாவிடின் அதை நீக்கித் தர வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இவற்றைப் பட்டியலிடுகிறது. ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற நடக்கும் விற்பனைக்கு இக்கடமைகள் பொருந்தா என விலக்குகிறது. நீதிமன்றம் விற்பவரன்று, கடனாளி மனமுவந்து விற்பவருமல்லர். ஆகவே உறுதிமொழி தருவோர் எவரும் இல்லாத விற்பனையாக அது அமைகிறது.

உறுதிமொழிக்குப் பதிலாகச் சட்டம் தந்தது அறிவிப்பு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21-ஆம் கட்டளையின் 66-ஆம் விதியின்படி ஏல அறிவிப்பில் சொத்து, அதன் தீர்வை, அதன்மீதுள்ள வில்லங்கம், மீட்க வேண்டிய தொகை ஆகியன இயன்றவரை சரியாகக் குறிக்கப்பட வேண்டும். ஆனால் அச்சட்டத்துடன் இணைந்த ஏல அறிவிப்புப் படிவம், விவரங்கள் நீதிமன்றம் அறிந்தவரையில் தரப்படுபவை என்றும், பிழைக்கோ விடுபாட்டிற்கோ நீதிமன்றம் பொறுப்பேற்காது என்றும் சேர்த்தே சொல்கிறது. வில்லங்கச் சான்றின் படிவத்திலும் தேடலின் பிழைக்குத் துறை பொறுப்பன்று என்னும் வாசகம் உண்டு. இரண்டு அரசு ஆவணங்கள், இரண்டிலும் ஒரே கைகழுவல். ஏலம் எடுப்பவர் இவ்விரண்டையும் நம்பியே பணத்தைக் கட்ட வேண்டியிருந்தது: ஏலம் முடிந்தவுடன் கால்பங்கு, பதினைந்து நாள்களுக்குள் மீதி.

கடனாளிக்குச் சொத்தில் விற்கத்தக்க உரிமையே இல்லை எனில் ஏலத்தை நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெற 91, 93-ஆம் விதிகள் வழி தந்தன. சொத்து அவருடையதாக இருந்து, அதன் மதிப்பு முழுவதையும் ஒரு முந்தைய அடமானம் விழுங்கியிருந்தால் அவ்விதிகள் உதவவில்லை. இரண்டாம் அடமானதாரர் தொடுத்த வழக்கில் முதல் அடமானதாரரைச் சேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் ஒப்புதலின்றி நடந்த ஏலம் அவர் கடனுக்கு உட்பட்டதே. ஏலத்தில் நிலத்தை எடுத்தவர் சில ஆண்டுகளில் அதே நிலத்திற்காக முதல் அடமானதாரரின் வழக்கில் எதிர்வாதியாக நிற்கும் நிலை இவ்வாறு உருவானது. 57-ஆம் பிரிவின்படி வில்லங்கத் தொகையை நீதிமன்றத்தில் செலுத்திச் சொத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வழி இருந்தது. அதற்கும் வில்லங்கம் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரம் எழுதாத அடமானம்

இதுவரை கூறியவற்றிலும் நுட்பமானது சென்னை நகரின் வணிகக் கடன். சொத்தின் மூலப்பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் நிறைவுறும் என்னும் முறை, 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய சில வணிக நகரங்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. எழுத்து இல்லை, ஆகவே பதிவும் இல்லை. பெருவணிகருக்கு விரைவும் மறைவும் வேண்டியிருந்தன. அவர்களுடைய நடைமுறையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1929-ஆம் ஆண்டின் திருத்தம் இம்முறையை அரசு அறிவிக்கும் பிற நகரங்களுக்கும் விரிவாக்கியது. அது மட்டுமன்று: ஒப்படைப்பு அடமானம் பின்னர் பதிவாகும் அடமானத்தை வெல்லும் என்று பதிவுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவிலும் ஒரு காப்புரை சேர்ந்தது.

பதிவை உலகிற்கான அறிவிப்பாக்கிய அதே ஆண்டில், பதிவே இல்லாத அடமானத்திற்கு இத்தகைய முன்னுரிமையும் எழுத்து வடிவில் உறுதிசெய்யப்பட்டது. இம்முரண்பாடு ஆய்வாளர்களின் கவனத்திற்குரியது. ஊர்ப்புற ரயத்து தன் அடமானத்தைச் சார்பதிவாளர் முன் கைநாட்டு வைத்து வெளிப்படுத்த வேண்டும். நகர வணிகர் இரும்புப்பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். வாங்குவோர் இதற்குக் கண்ட ஒரே மாற்று, மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பது. நகல் மட்டும் காட்டப்பட்டால், மூலம் தொலைந்தது என்று சொல்லப்பட்டால், ஐயுற வேண்டும். இன்றும் சென்னையில் சொத்து வாங்குவோர் கேட்கும் இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுச் சட்ட வரலாறு பின்னணியாக உள்ளது.

தமிழ்நாட்டில் இந்த மறைவு நீங்கக் காலம் பிடித்தது. 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் உரிமை ஆவண ஒப்படைப்பு பற்றிய உடன்படிக்கை கட்டாயப் பதிவுக்குரியதாயிற்று. அதற்கு ஓராண்டு முன், 2011 மார்ச் 31 அன்று, வங்கிகளின் பிணையுரிமைகளைத் தொகுக்கும் மத்தியப் பதிவகமான செர்சாய் செயற்படத் தொடங்கியிருந்தது. 2012-க்கு முந்தைய ஒப்படைப்புகளுக்கு வில்லங்கச் சான்று மட்டும் இன்றும் போதாது.

விலையில் ஏறிய ஐயம்

வில்லங்கத் தேடல் வாங்குபவரின் நலன் சார்ந்ததாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. அது முழு உண்மையன்று. அறிய முடியாத கடனுக்காக ஏலம் எடுப்பவர் தம் கேள்வித்தொகையைக் குறைக்கிறார். தொகை குறைந்தால் கடன் தீர்வதில்லை. நிலம் போன பின்னும், மீதித் தொகைக்குக் கடனாளியின் பிற சொத்துகள் ஜப்திக்கு உள்ளாகின்றன. ஐயத்தின் விலையைக் கட்டியவர் ஏல மேடையில் கேட்காமல் நின்ற கடனாளியே.

இதைத் தெரிந்து பயன்படுத்தவும் முடிந்தது. தீர்ந்த அடமானத்தைத் தீராததாக ஏல அறிவிப்பில் காட்டினால், பிறர் ஒதுங்குவர். உண்மை அறிந்த வழக்காளி குறைந்த விலைக்கு எடுக்கலாம். தீர்ப்பு பெற்றவர் நீதிமன்ற அனுமதியின்றி ஏலம் கேட்கக்கூடாது என்னும் 72-ஆம் விதி இந்த அச்சத்தையே காட்டுகிறது. ஏலத்தை எதிர்க்கும் கடனாளிக்கு 90-ஆம் விதி இருந்தது. ஆனால் விலை குறைவு என்பது மட்டும் போதாது. நடைமுறைப் பிழையையோ மோசடியையோ காட்டி, அதனால் கணிசமான இழப்பு ஏற்பட்டதையும் அவர் மெய்ப்பிக்க வேண்டும். 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கடனைக் குறைத்தபோது இன்னொரு வேறுபாடு தோன்றியது. பத்திரத்தில் எழுதிய தொகையும் சட்டப்படி செல்லும் தொகையும் இரண்டாயின. பதிவேடு முன்னதையே காட்டிக்கொண்டிருந்தது.

நகராட்சி வரி இதே சிக்கலின் மற்றொரு முகம். 1919, 1920-ஆம் ஆண்டுகளின் சென்னை நகராட்சிச் சட்டங்கள் சொத்துவரியை, நிலவரிக்கு அடுத்த நிலையில், சொத்தின்மீதான முதற்பொறுப்பாக்கின. முந்தைய உரிமையாளர் கட்டாத வரிக்கு ஏலத்தில் எடுத்தவர் பொறுப்பாவாரா? அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-இல் இவ்வினாவை எதிர்கொண்டது. பொறுப்பைப் பற்றி அறியாமல் விலை கொடுத்து வாங்கியவர்மீது, சட்டம் வெளிப்படையாக வேறுவிதமாகக் கூறினாலன்றி, அதைச் செயற்படுத்த இயலாது என்றும், வரி நிலுவையை விசாரிக்காததனாலேயே அவர் அதை அறிந்தவராகிவிடமாட்டார் என்றும் அது தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு வாங்குபவருக்கு ஆறுதல் அளித்தது. அறிந்தவர் பொறுப்பாவார், அறியாதவர் தப்புவார் என்னும் நிலை, கேட்காமலிருப்பதே நலம் என்ற எண்ணத்திற்கும் சிறிது இடம் தந்தது எனலாம்.

வங்கி ஏலம்

2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் நீதிமன்றத்திற்குச் செல்லாமலே அடமானச் சொத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. அதன் விதிகள், ஏல அறிவிப்பில் ‘கடன் கொடுத்தவர் அறிந்த’ வில்லங்கங்களைக் குறிக்கச் சொல்கின்றன. விற்பனைச் சான்றும் அதே அடைமொழியையே கையாள்கிறது. 1908-ஆம் ஆண்டின் ‘அறிந்தவரையில்’ இங்கு மீண்டும் ஒலிக்கிறது. இம்முறை ஏலமிடுவது கடன் கொடுத்தவரே. தம் கடனைத் தவிரப் பிற கடன்களைத் தேடிக் கண்டறிய அவருக்குத் தூண்டுதல் குறைவு. ‘உள்ளது உள்ளபடி, இருப்பது இருக்குமிடத்தில்’ என்னும் நிபந்தனை எஞ்சியதை வாங்குபவரிடம் தள்ளுகிறது.

அரசின் முன்னுரிமையும் இக்காலத்தில் மறுபரிசீலனைக்கு உள்ளானது. மாநில விற்பனைவரிச் சட்டம் முதற்பொறுப்பை உருவாக்கியிருந்தால் அது வங்கியின் உரிமைக்கு முந்தியது என உச்ச நீதிமன்றம் 2009-இல் கேரள அரசு தொடர்பான வழக்கில் கூறியது. 2016-ஆம் ஆண்டின் திருத்தங்கள் இதைத் திருப்பின. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பிணையுள்ள கடன் கொடுத்தவருக்கே முன்னுரிமை என்றது. சர்ஃபேசி சட்டத்தின் 26-ஈ பிரிவு 2020 சனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இம்முன்னுரிமை மத்தியப் பதிவகத்தில் பதிவு செய்தவருக்கே உரியது. வரித்துறைகளும் தம் ஜப்தி ஆணைகளை அங்கே பதியலாம். பத்திரமின்றித் தன் உரிமையை நிலைநாட்டி வந்த அரசு, தன் கோரிக்கையைப் பிறர் காணப் பதிவுசெய்யுமாறு சட்டத்தால் அழைக்கப்பட்டது என்பதே இம்மாற்றத்தின் சிறப்பு. நிலவரிக்கு 1864-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது.

கடனாளியின் மீட்புரிமையோ சுருங்கியது. ஏல அறிவிப்பு வெளியானவுடன் அவ்வுரிமை முடிவுறும் என உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் முடிவு செய்தது. வாங்குபவருக்கு அது ஒரு கவலையைக் குறைத்தது. அதே ஆண்டு மே 19 அன்று, கேரள மாநில மின்வாரியம் தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு மற்றொரு கவலையைக் கூட்டியது. முந்தைய உரிமையாளரின் மின்கட்டண நிலுவையைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என மின்வழங்கல் விதிகள் நிபந்தனை விதிக்கலாம் என்றும், ‘உள்ளது உள்ளபடி’ ஏலத்தில் எடுத்தவர் அந்நிலுவையை விசாரித்தறிய வேண்டியவர் என்றும் நீதிமன்றம் கருதியது. மின்நிலுவை வில்லங்கச் சான்றில் வருவதில்லை. மத்தியப் பதிவகத்திலும் இடம்பெறுவதில்லை. மின்வாரிய அலுவலகத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

நிலுவையிலுள்ள வழக்கும் இவ்வாறே பதிவேட்டிற்கு வெளியே நிற்கிறது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அத்தகைய வழக்கின் அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் அது வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் என்று பம்பாய் மாகாணம் 1939-இலேயே திருத்தம் செய்தது. இன்றைய மகாராட்டிரத்திலும் குசராத்திலும் அது தொடர்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு இணையான கட்டாயப் பதிவு இல்லை. வங்கி ஏலத்தில் ஒரு வீட்டை எடுக்க விரும்புபவர், கடனாளியின் பெயரையும் அவருடைய பங்காளிகளின் பெயர்களையும் கொண்டு உரிமையியல் நீதிமன்றத்திலும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலும் தனித்தனியே வழக்குத் தேட வேண்டியுள்ளது.